ஒரே குளியலறை, மூன்று பிள்ளைகள்: நேரத்தைப் பங்கு போட்டால் சண்டை தீருமா?

ஜூன் 4, காலை (வந்த கேள்வி)

வீட்டில் ஒரே பாத்ரூம். 15 வயதில் பெண், 11 வயதில் பையன், 6 வயதில் கடைக்குட்டி. காலையில் கதவு தட்டுகிற சத்தத்தில்தான் வீடே விழிக்கிறது. ஆளுக்கு 15 நிமிடம் என்று டைம்டேபிள் எழுதிக் கதவில் ஒட்டினேன். பெரியவள் உள்ளே போனால் 40 நிமிடம். பையன் கதவை உதைக்கிறான். சின்னவள் அழுகிறாள். கண்டிப்பாக நடத்தினால்தான் சரிவரும் என்கிறார் என் கணவர். டைமர் வைக்கலாமா? நேரம் முடிந்ததும் வெளியிலிருந்து விளக்கை அணைத்துவிடலாமா?

ஜூன் 4, இரவு

விளக்கை அணைக்காதீர்கள். ஈரத் தரையில், கண்ணில் சோப்பு நுரையோடு நிற்கிற பிள்ளை வழுக்கி விழுந்துவிடும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நான்கு பேர் ஒரே குளியலறையில் வளர்ந்தவர்கள். இப்போது என் வீட்டிலும் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கதவு. ஆளுக்கு 15 நிமிடம் என்பது பார்க்க நியாயமாக இருக்கும். ஆனால் 11 வயதுப் பையனுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது, தலைமுடி நீளமாக உள்ள பெண்ணுக்கு அது பற்றாது. நேரத்தைப் பங்கு போடுவதற்கு முன்னால் வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். காலையில் அந்த அறைக்குள் என்னென்ன நடக்கிறது? மலசலம், குளியல், பல் தேய்ப்பது, முகம் கழுவுவது, தலை வாருவது, கிரீம் தடவுவது, முகப்பருவைப் பார்த்துக் கவலைப்படுவது, உடை மாற்றுவது, பாதித் தூக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது. இவற்றில் தாழ்ப்பாள் போட்டே ஆகவேண்டியவை எத்தனை? மலசலம், குளியல், உடை மாற்றுவது. மற்றதெல்லாம் கண்ணாடியும் விளக்கும் அங்கே இருப்பதால் அங்கே நடக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் நடையில் ஒரு கண்ணாடி மாட்டினோம். பெரிய கண்ணாடிகூட இல்லை, முகமும் தோளும் தெரிகிற அளவு. அதற்கு மேலே ஒரு நல்ல வெளிச்சமான விளக்கு, கீழே சீப்பும் ரப்பர் பேண்டும் கிளிப்பும் போட ஒரு தட்டு. மூத்தவள் தலை வாருவது முழுக்க அங்கே வந்துவிட்டது. விளக்கு முக்கியம். மங்கலான மூலையில் மாட்டினால் பிள்ளைகள் மறுபடி உள்ளேதான் போவார்கள்.

ஜூன் 5

"வாஷ்பேசினும் உள்ளேதான் இருக்கிறது, பல் எங்கே தேய்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் வடிகிற இடம் எதுவானாலும் போதும். சமையலறைத் தொட்டி, துணி துவைக்கும் இடம், எதுவும் இல்லை என்றால் ஒரு குவளையும் சின்ன வாளியும். பல் தேய்க்க நிறையத் தண்ணீரே வேண்டாம். ஃப்ளூரைடு பேஸ்ட் என்றால் தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுப் பலமுறை கொப்பளிக்கக்கூடாது என்றுதான் பல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளூரைடும் போய்விடும்.

இன்னொன்று, உங்கள் கடைக்குட்டிக்கு வயது 6. ஏழு, எட்டு வயது வரைக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பல் தேய்ப்பதைப் பார்க்க வேண்டும். 2 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பட்டாணி அளவு பேஸ்ட். வீட்டில் 3 வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் அரிசி மணி அளவு. மூடிய கதவுக்குப் பின்னால் அவள் என்ன தேய்க்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? வெளியே வந்துவிட்டால் உங்கள் கண்ணில் படும். எங்கள் வீட்டில் சின்னவனும் நடுவனும் ஒரே நேரத்தில் தேய்க்கிறார்கள். யார் நுரை பெரிது என்று போட்டி. அதில் சத்தம் உண்டு, சண்டை இல்லை.

ஜூன் 6

சரி, வேலைகளைப் பிரித்தாயிற்று. மிச்சம் இருப்பது குளியலும் கழிப்பறையும். இப்போது வரிசைக்கு வருவோம்.

யார் முதலில் எழுந்தார்களோ அவர்களுக்கே முதலிடம் என்று பல வீடுகளில் விடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 20 நிமிடம், ஒருவருக்கு 10, ஒருவருக்கு 5. நீளமானவர் முதலில் போனால் அடுத்தவர் 20 நிமிடம் காத்திருக்கிறார், கடைசி ஆள் 30 நிமிடம். மொத்தக் காத்திருப்பு 50. அதையே திருப்பிப் போட்டால் 5, அப்புறம் 15, மொத்தம் 20. உள்ளே செலவாகும் நேரம் இரண்டிலும் அதே 35 நிமிடம்தான். வெளியே நிற்கிற எரிச்சல் மட்டும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்தக் கணக்கைப் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து போடுங்கள். என் நடுவன் தானே பென்சிலை வாங்கி மூன்று பேரையும் எல்லா வரிசையிலும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தான். அம்மா சொன்ன வரிசை என்பது அவன் கண்டுபிடித்த வரிசை என்று ஆனதும் அதைக் காப்பதும் அவன் பொறுப்பாகிவிட்டது.

ஜூன் 6, மாலை

காலையில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். குறைந்த நேரக்காரர் முதலில் என்பது எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பும் வீட்டுக்குத்தான். ஒரு பிள்ளை மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்ப வேண்டும் என்றால் அந்தப் பிள்ளைதான் முதலில். தொழிற்சாலை வேலைகளை வரிசைப்படுத்துவது பற்றி 1955இல் ஜாக்சன் என்பவர் இதை நிரூபித்திருக்கிறார்: யாருக்குக் கெடு முன்னால் வருகிறதோ அவரை முன்னால் விட்டால், மிக மோசமாகத் தாமதமாகிறவரின் தாமதம் இருப்பதிலேயே குறைவாக இருக்கும். மெஷினுக்குப் பொருந்துவது குளியலறைக்கும் பொருந்துகிறது. இரண்டு இடத்திலும் ஒரு நேரத்தில் ஒரு வேலைதானே நடக்க முடியும்.

ஒருவரை இரவுக் குளியலுக்கு மாற்ற முடிந்தால் இந்தக் கணக்கே பாதி தேவைப்படாது. மாறச் சொல்லி உத்தரவு போடாதீர்கள். "உனக்குக் காலையில் 20 நிமிடத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும்" என்று சொல்லுங்கள். விளையாடிவிட்டு வேர்வையோடு வருகிற பிள்ளைக்கு மாலைக் குளியல்தான் உடம்புக்கும் நல்லது.

ஜூன் 8

வெந்நீர். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று முதல் நாளே நினைத்தேன். "அக்கா எல்லா வெந்நீரையும் தீர்த்துவிட்டாள்" என்ற குற்றச்சாட்டு வராத வீடு உண்டா?

15 லிட்டர் ஹீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் 60 டிகிரி, குழாய்த் தண்ணீர் 25 டிகிரி. குளிக்க ஏற்ற 40 டிகிரிக்குக் கலந்தால் ஏறக்குறைய 35 லிட்டர் கிடைக்கும். தண்ணீர் எடுக்க எடுக்க ஹீட்டருக்குள் பச்சைத் தண்ணீர் சேர்வதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறையும். ஷவர் நிமிடத்துக்கு 9 லிட்டர் ஊற்றுகிறது என்றால் 4 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். உங்கள் பெண் 40 நிமிடம் உள்ளே இருந்தாலும் சரி, 10 நிமிடம் இருந்தாலும் சரி, ஷவரைத் திறந்த 4 நிமிடத்தில் அடுத்தவருக்கு வெந்நீர் இல்லை. குற்றம் அவள் மேல் இல்லை, கொள்ளளவு அவ்வளவுதான்.

2000 வாட் ஹீட்டர் அந்த 15 லிட்டரை மறுபடி 25இலிருந்து 60க்குக் கொண்டுவர ஏறக்குறைய 18 நிமிடம் எடுக்கும். ஆகவே இரண்டு குளியலுக்கு நடுவில் 20 நிமிட இடைவெளியை வரிசையிலேயே வைத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் கழிப்பறைத் தேவை உள்ளவர்கள் உள்ளே போவது. எங்கள் வீட்டில் இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு வெந்நீர்ச் சண்டை நின்றுவிட்டது. வாளியில் பிடித்துக் குளிக்கிற வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி என்று கண்ணுக்குத் தெரிகிற அளவு இருப்பதால் தகராறு இன்னும் குறைவு.

சூடு எவ்வளவு வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். 60 டிகிரித் தண்ணீர் 5 நொடியில் தோலை ஆழமாக வெந்துபோகச் செய்யும், சின்னப் பிள்ளைகளின் தோல் மெல்லியது என்பதால் அதைவிடச் சீக்கிரம். 49 டிகிரியில் அதே காயத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும். அப்படியானால் ஹீட்டரையே 45க்குக் குறைத்து வைத்துவிடலாமே என்று தோன்றும். தேங்கி நிற்கிற வெதுவெதுப்பான தண்ணீரில், 20 முதல் 45 டிகிரிக்குள், லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். அது நுரையீரலைத் தாக்குவது. அதனால் தொட்டிக்குள் சூடு 60 இருக்கட்டும், பிள்ளையின் மேல் படுவதற்கு முன்னால் கலந்துவிடுங்கள். வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் கலவைக் குழாய்கள் இருக்கின்றன. அது இல்லை என்றால் வாளியில் எப்போதும் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். இந்த வரிசையைச் சின்னவர்களுக்கு விளையாட்டுபோல் பழக்கிவிடுங்கள்.

ஜூன் 8, இரவு

கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள். மின்சார ஹீட்டருக்குச் சொன்ன 20 நிமிட இடைவெளி உங்களுக்கு வெந்நீருக்காகத் தேவையில்லை. ஆனால் மூன்று பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தால், அடைத்த அறைக்குள் அந்த ஹீட்டர் தொடர்ந்து எரிகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனை இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அப்புறம் மயக்கம். கடைசியாகக் குளிக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். கேஸ் ஹீட்டர் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும், புகை வெளிக்காற்றுக்குப் போக வேண்டும். உள்ளேதான் இருக்கிறது என்றால் நாளைக்கே ஆளை அழைத்து மாற்றுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். குளிர் அடித்தால் பிள்ளைகள் முதலில் மூடுவது அந்த ஜன்னலைத்தான்.

ஜூன் 9

வரிசை பற்றி ஒரு விதிவிலக்கு. அவசரம் என்று ஒரு பிள்ளை சொன்னால் வரிசை உடைய வேண்டும், கேள்வி கேட்காமல். எழுந்த பிறகும் சாப்பிட்ட பிறகும் பெருங்குடல் சுறுசுறுப்பாவது இயல்பு. அதை அடக்கி அடக்கிப் பழகிய பிள்ளைக்கு மலச்சிக்கல் வருகிறது, அப்புறம் வலிக்குப் பயந்து இன்னும் அடக்குகிறது. "பொய் சொல்லி உள்ளே போகிறான்" என்று அக்கா புகார் சொல்லலாம். சில நாள் பொய்யாகவே இருக்கட்டும். அடக்கிப் பழகுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஜூன் 9, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதும் இதுவும் நினைவுக்கு வந்தது. 5 வயதில் ஏறக்குறைய 15 சதவீதப் பிள்ளைகள் தூக்கத்தில் படுக்கையை நனைக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்களில் 15 சதவீதம் பேருக்கு அது தானாகவே நின்றுவிடுகிறது. அப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் காலையில் முதல் குளியல் அந்தப் பிள்ளைக்குத்தான். காரணம் சொல்லி அறிவிக்காதீர்கள். "சின்னவளுக்கு முதலிடம்" என்று பொதுவாக வரிசையில் எழுதிவிடுங்கள். அண்ணன் அக்கா கேலி செய்கிற வீட்டில் அந்தப் பிள்ளை நனைந்த துணியோடு கதவுக்கு வெளியே நிற்க நேர்ந்தால் அது மனதில் எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் நால்வரில் ஒருவர் அப்படி நின்றதைப் பார்த்தவள் நான்.

ஜூன் 11

"டாய்லெட் மூடியை மூடிவிட்டு ஃப்ளஷ் செய்தால் போதும், பிரஷ்கள் எங்கே இருந்தாலும் பரவாயில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது போதாது.

ஃப்ளஷ் செய்யும்போது நுண்துளிகள் மேலே தெறித்துப் பரவுகின்றன என்று நுண்ணுயிரியல் ஆய்வாளர் சார்லஸ் கெர்பாவும் அவருடன் இருந்தவர்களும் 1975லேயே காட்டினார்கள். 2022இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சி அந்தத் துளிகளைப் படமே எடுத்தார்கள். மூடியில்லாத டாய்லெட்டில் 8 நொடிக்குள் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம் வரை எழுந்தன. வாஷ்பேசின் தட்டைவிட உயரம். மூடினால் சரியாகிவிடும் என்றுதான் பலரும் நம்பினோம். 2024இல் கெர்பா குழுவே வைரஸ்களை வைத்துச் சோதித்தபோது மூடியை மூடினாலும் திறந்து வைத்தாலும் சுற்றியுள்ள பரப்புகளில் படிவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று வந்தது. மூடிக்கும் இருக்கைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதே, அது வழியாக வெளியே வந்துவிடுகிறது. டாய்லெட்டை முறையாகக் கிருமிநாசினி போட்டுத் தேய்ப்பதுதான் பலன் தந்தது.

அதனால் மூடியை மூடட்டும், அது நல்ல பழக்கம்தான், தண்ணீர் வெளியே தெறிக்காது, சோப்பும் உள்ளே விழாது. ஆனால் பிரஷ்களை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். பல் தேய்ப்பதே வெளியே வந்துவிட்டால் பிரஷ் மட்டும் உள்ளே எதற்கு? நிமிர்த்தி, ஒன்றோடொன்று தலை முட்டாமல், காற்றுப் படும்படி வையுங்கள். மூடி போட்ட டப்பா வேண்டாம், ஈரம் தங்கும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும். மூன்று பேருக்கும் வேறு வேறு நிறம்.

துண்டும் அப்படித்தான். படர்தாமரையும் சொறியும் ஒரு துண்டு வழியாக மூன்று பிள்ளைகளுக்கும் போகும். ஆளுக்கு ஒரு கொக்கி, அவரவர் கை எட்டுகிற உயரத்தில். சின்னவளுக்கு எட்டாத கொக்கியில் மாட்டச் சொன்னால் துண்டு தரையில்தான் கிடக்கும், அப்புறம் அண்ணன் அதை மிதிப்பான், மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ரேசர் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. அண்ணனுடையதைத் தம்பி எடுப்பது, அக்காவுடையதைத் தங்கை எடுப்பது, எதுவும் கூடாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும்.

ஜூன் 14

சுத்தம் செய்கிற முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். முறை எது வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் சுத்தம் செய்யும் மருந்து ஊற்றுவது ஒருவர் மட்டும்தான், அதுவும் பெரியவர்.

காரணம் இது. பிள்ளைகள் பங்கு போட்டுச் சுத்தம் செய்யும்போது ஒருவர் டாய்லெட் ஆசிட் ஊற்றிவிட்டுப் போவார், "ஊறட்டும்" என்று. அடுத்தவர் அது தெரியாமல் பிளீச் ஊற்றுவார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. சின்ன அறை, மூடிய ஜன்னல், கண் எரியும், மூச்சு அடைக்கும், நுரையீரல் புண்ணாகும். பிளீச்சோடு அம்மோனியா கலந்த கிளீனர் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். ஒரு நேரத்தில் ஒரே மருந்து, முழுக்கக் கழுவிய பிறகுதான் வேறொன்று. பிள்ளைகளுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன: தரையை வழித்துவிடுவது, வாஷ்பேசினைத் துடைப்பது, வடிகால் ஜல்லடையில் சேர்ந்த முடியை எடுப்பது, வாளியைக் கவிழ்ப்பது.

வாளியைக் கவிழ்ப்பது என்றதும் சொல்கிறேன். தவழுகிற, தத்தி நடக்கிற குழந்தை வீட்டில் இருந்தால், அல்லது வந்து போனால்கூட, வாளியில் தண்ணீர் நிற்கக்கூடாது. சில சென்டிமீட்டர் ஆழம் போதும், தலைகுப்புற விழுந்த குழந்தையால் எழ முடியாது, சத்தமும் வராது. கடைசியாகக் குளிப்பவர் வாளியைக் கவிழ்த்துவிட்டு வருவது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். எழுதியே ஒட்டினாலும் நல்லதுதான்.

ஜூன் 19

இத்தனை எழுதியும் உங்கள் முதல் கேள்விக்குள் இருந்த ஒன்றை இன்னும் நான் தொடவில்லை. பெரியவள் உள்ளே போனால் 40 நிமிடம் என்றீர்கள். வெந்நீரோ 4 நிமிடத்தில் தீர்கிறது, தலையும் வெளியேதான் வாருகிறாள். மிச்ச நேரம் என்ன செய்கிறாள்?

அவளிடம் கேட்காதீர்கள். வீட்டைப் பாருங்கள். அவளுக்குத் தனி அறை இருக்கிறதா? தம்பியும் தங்கையும் எந்த நேரமும் ஓடி வருகிற அறையாக இருந்தால் அது தனி அறை ஆகாது. அந்த வீட்டில் உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய, போட்டால் யாரும் ஏன் என்று கேட்காத ஒரே இடம் குளியலறை. 15 வயதில் அழுவதற்கு ஓர் இடம் வேண்டும். தோழி சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்ப நினைக்க ஓர் இடம் வேண்டும். மாறிக்கொண்டே இருக்கிற உடம்பைக் கண்ணாடியில் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். நடுக்கூடத்தில் இதையெல்லாம் செய்ய முடியுமா?

நாங்கள் வளர்ந்த வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாள் ரொம்ப நாள் உடைந்தே கிடந்தது. உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. பாட்டு நின்றால் ஆள் இல்லை என்று அர்த்தம், கதவைத் தள்ளலாம். அண்ணன் சத்தமாகப் பாடுவான். தங்கைக்கு வாய்ப்பாடுதான், பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் அவள் கற்றது அங்கேதான் என்று சொல்வேன். எனக்கு அந்த வயதில் பாடவே பிடிக்கவில்லை. ஏதோ ஒரு நாள் காலை முழுக்கப் பேசாமல் இருக்க வேண்டும் போல இருக்கும், ஆனால் பாடியாக வேண்டும். புதுத் தாழ்ப்பாள் வந்த அன்று உள்ளே போய்ச் சத்தமே இல்லாமல் நின்றேன். குளிக்கக்கூட இல்லை. அந்தச் சுகம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அதனால் என் மூத்தவள் கதவை மூடிக்கொண்டு வெகுநேரம் இருக்க ஆரம்பித்தபோது நான் கதவைத் தட்டவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் படுக்கையறை அவளுக்கு என்று வைத்தோம். கதவு மூடியிருக்கும், தம்பிகள் தட்டக்கூடாது, நானும் தட்டமாட்டேன். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறாள் என்று யாரும் விசாரிப்பதில்லை. காலையில் குளியலறையில் அவள் எடுக்கும் நேரம் தானாகவே இறங்கியது. டைமர் வைத்திருந்தால் நேரம் குறைந்திருக்கும், அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே மூலையும் போயிருக்கும்.

ஜூன் 20

"அறையே ஒன்றுதான், ஐந்து பேரும் அதில்தான் தூங்குகிறோம், மூடிய கதவுக்கு எங்கே போவது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அப்படியானால் குளியலறையிலேயே ஒரு மணி நேரம் கொடுங்கள், ஆனால் யாருக்கும் தேவைப்படாத நேரத்தில். இரவில் எல்லோரும் போய் வந்த பிறகு அவளுக்கு அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். காலையில் மட்டும் குளியல் நேரம். இரவில் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் காலையில் அதைத் திருட வேண்டிய தேவை இருக்காது. அல்லது வீட்டார் எல்லோரும் ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு அவளை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்.

போன் உள்ளே போகலாமா என்பதற்கு என் பதில் தெளிவானது: காலையில் கூடாது. டாய்லெட்டில் வெகுநேரம் உட்கார்ந்தால் மலக்குடலின் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடி மூலம் வருகிற வாய்ப்பு ஏறும். போன் கையில் இருந்தால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்றே தெரியாது. இது பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள விதி இல்லை. அப்பா போனோடு உள்ளே போகிற வீட்டில் இந்த விதி நிற்காது.

ஜூன் 21

தாழ்ப்பாள் பற்றி இரண்டு பேர் கேட்டதற்குச் சேர்த்தே எழுதுகிறேன். தாழ்ப்பாளை எடுத்துவிடாதீர்கள். வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டு கிடைக்கிறது, அதை மாட்டுங்கள். உள்ளே மயங்கினாலோ சின்னவள் மாட்டிக்கொண்டாலோ கதவை உடைக்க வேண்டியதில்லை. வெளியே திறக்கிற கதவு இன்னும் நல்லது, ஏனென்றால் விழுந்தவர் கதவின் மேலேயே சாய்ந்து கிடந்தால் உள்ளே தள்ளித் திறக்க முடியாது. நாணயத்தால் திறக்கும் வழியை வீட்டில் பெரியவர்கள் மட்டும் பயன்படுத்த வேண்டும், அதுவும் கூப்பிட்டுப் பதில் வராதபோது மட்டும். தம்பி விளையாட்டாக ஒருமுறை திறந்துவிட்டால் அக்கா அந்தக் கதவை அப்புறம் நம்பமாட்டாள்.

மின்சாரமும் அப்படி ஒன்று. ஹேர் ட்ரையர் உள்ளே வேண்டாம், நடைக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஒரு பிளக் வைத்துவிடுங்கள். ஹீட்டர் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே இணைப்பைத் துண்டித்துவிடும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

ஜூன் 27

மாதவிடாய். இதை யாரும் கேட்கவில்லை, கேட்கத் தயங்குவார்கள் என்பதால் நானே எழுதுகிறேன். தம்பிகளோடு குளியலறையைப் பங்கு போடும் பெண்ணுக்கு அங்கே மூன்று பொருள் நிரந்தரமாக வேண்டும்: மூடி போட்ட குப்பைக்கூடை, சுற்றிப் போடக் காகிதம், நாப்கின் வைக்க அவள் கை எட்டுகிற தட்டு. எங்கேயோ அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டுத் துண்டுக்குள் மறைத்து எடுத்துப் போகச் சொல்லாதீர்கள். டாய்லெட்டுக்குள் போட்டால் நாப்கின் தண்ணீரை உறிஞ்சி ஊதிக் குழாயை அடைக்கும், அப்புறம் அந்த அடைப்பை எடுக்க ஆள் வந்து எல்லோர் முன்னாலும் வெளியே இழுப்பார். ஒரு பெண்ணுக்கு அந்த நிலைமை வரவே கூடாது.

அந்த நாட்களில் உள்ளே கூடுதல் நேரம் ஆகும். வரிசையில் அதற்கு இடம் இருக்க வேண்டும், காரணம் சொல்லாமலேயே. என் நடுவன் "அது என்ன கூடை?" என்று கேட்டபோது அவனுக்குப் புரிகிற அளவில் சொன்னேன். சரி என்று கேட்டுவிட்டுப் போனான். கூடையைக் காலி செய்வது வாரத்தில் ஒரு நாள் அவன் முறை. முகம் சுளிக்காமல் செய்கிறான்.

ஜூலை 3

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். கண்ணாடி வெளியே வந்துவிட்டது, பையன்தான் வரிசைக் கணக்குப் போடுகிறான், பெண்ணுக்கு இரவு நேரம் கொடுத்திருக்கிறார்கள். காலையில் கதவு தட்டுகிற சத்தம் குறைந்திருக்கிறதாம். கணவர் இன்னும் டைமர் என்றுதான் சொல்கிறாராம். ஷவருக்கு மட்டும் வேண்டுமானால் வைக்கட்டும், மணலில் ஓடுகிற 4 நிமிடக் கடிகாரம் ஒன்று, ஆளை விரட்ட அல்ல, வெந்நீரை அளக்க. கதவுக்கு வேண்டாம்.

அவர் கேட்ட இன்னொன்று: கடைசியாகக் குளிப்பவருக்கு எப்போதும் ஈரத் தரை, நீராவி, கரும்புள்ளி விழுந்த சுவர். மூன்று குளியல் அடுத்தடுத்து நடக்கிற அறையில் பூஞ்சை வரத்தான் செய்யும். எக்ஸாஸ்ட் ஃபேனை கடைசிக் குளியல் முடிந்த பிறகும் 20 நிமிடம் ஓடவிடுங்கள், சுவரையும் தரையையும் ரப்பர் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, கதவைத் திறந்தே வையுங்கள். ஈரத் துண்டு உள்ளே காயக்கூடாது.

ஜூலை 5

வடிகால் அடைப்பு பற்றி: அமிலம் ஊற்ற வேண்டாம், காரணம் ஜூன் 14இல் எழுதியிருக்கிறேன். அடைப்பில் பெரும்பாலும் முடியும் சோப்பும்தான். ஜல்லடை போட்டு, அதில் சேர்வதை ஒவ்வொரு நாளும் எடுத்தால் அடைப்பே வராது. யாருடைய முடி என்று நீளத்தை வைத்து விசாரணை நடத்துகிறார்களாம் உங்கள் வீட்டில். எங்கள் வீட்டிலும் நடந்தது. கடைசியாகக் குளிப்பவர் எடுப்பது, கடைசி ஆள் வாரத்துக்கு ஒருமுறை மாறுவது என்று வைத்தோம். காலையில் முன்னாலேயே கிளம்ப வேண்டிய பிள்ளையை மட்டும் அந்த மாற்றத்திலிருந்து விலக்கிவிடுங்கள், ஈடாக அந்தப் பிள்ளை இரவில் வாஷ்பேசினைத் துடைக்கட்டும்.